கயிற்றைப் பிடிக்க ஒரு கை

(வானொலி ஞாயிறு சிந்தனை – எழுத்து வடிவம்)



வல்லம் வடகாலிலிருந்து பேசுகிறோம். திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர் எங்கள் ஊர். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் ஏரித் தண்ணீர்தான். கடலைப் பார்க்க வேண்டுமானால் பேருந்து ஏறிச் சென்னைக்கோ மாமல்லபுரத்துக்கோ போக வேண்டும். ஆனாலும் இன்று உங்களோடு கடலைப் பற்றியே பேச விரும்புகிறோம். செப்டம்பர் மாதத்தின் கடைசி ஞாயிறான இன்று, புலம்பெயர்ந்தோர், அகதிகள் உலக நாளைத் திருஅவை நினைவுகூர்கிறது. ஊர்விட்டு ஊர் வருகிறவர்களின் நிலையைக் கடலைப்போல் எடுத்துச் சொல்ல வேறொன்று இல்லை என்று நினைக்கிறோம்.

பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு உலகைச் சுற்றிவரும் குடும்பங்கள் உண்டு. அப்பா, அம்மா, பள்ளி வயதுப் பிள்ளைகள், எல்லாரும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு படகில். சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம் அதற்குள்ளேயே. தாய்லாந்து, மலேசியா பக்கமிருந்து வங்கக் கடலைக் கடந்து மேற்கே போகிறவர்களில் சிலர் இலங்கையின் திருக்கோணமலைத் துறைமுகத்தில் சில நாள் தங்கிச் செல்வார்கள். அப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம்.

எட்டுப் பத்து நாள் தண்ணீரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருக்கிறார்கள். குடிநீர் குறைந்துவிட்டது. கடைசித் தக்காளியும் அழுகிவிட்டது. ஒரு காலையில் கரை தெரிகிறது. படகு துறையை நெருங்குகிறது. அந்தக் குடும்பம் முதலில் கேட்பது என்ன? குடிநீரும் சோறும் பிறகுதான். படகின் முனையில் நிற்பவர் கையிலுள்ள கயிற்றைக் கரையை நோக்கி வீசுகிறார். அதைப் பிடித்துக் கட்டக் கரையில் ஓர் ஆள் வேண்டும். பெயர் தெரியாதவர், மொழி தெரியாதவர், யாராக இருந்தாலும் சரி. அந்தக் கை கயிற்றைப் பிடித்துவிட்டால் படகு நிற்கும். பிள்ளைகள் மண்ணில் கால் வைப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் கரைக்குப் பத்தடி தூரத்திலேயே படகு அலைந்துகொண்டிருக்கும்.

இந்தக் கயிற்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். இன்றைய சிந்தனை முழுவதும் இதுவே நம்மோடு வரப்போகிறது.

வாடைக் காலம் ஓய்ந்து, சித்திரை முதல் ஆவணி வரை, இலங்கையின் கீழைக் கரைக் கடல் தெளிந்திருக்கும். அந்த மாதங்களில் முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு, கடலடியில் கிடக்கும் பழைய கப்பல்களைப் பார்க்கப் பலர் இறங்குகிறார்கள். அவற்றுள் பெயர்பெற்றது ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது.

1942-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5 அன்று வந்தது. அன்று காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9, வியாழக்கிழமை, திருக்கோணமலையைத் தாக்கின. ஆபத்து வருகிறதென்று அறிந்து முன்னதாகவே துறைமுகத்தைவிட்டு வெளியேறிய ஹெர்மீஸ், மட்டக்களப்புக்கு நேரே கடலில் அகப்பட்டுக்கொண்டது. விமானந்தாங்கிக் கப்பல்தான், அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. அரை மணி நேரத்துக்குள் மூழ்கிப்போனது. 307 பேர் இறந்தார்கள். அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியெடுத்தது. சிலர் நீந்தியே கரை சேர்ந்தார்கள்.

அந்தக் கப்பல் இன்று ஐம்பது மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. நம் கடலோர மக்கள் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 30 பாகம். சிறப்புப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே அங்கே இறங்கலாம். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கம் இதில் பாதி ஆழத்தில்தான் கிடக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் பார்க்கிறார்கள். இரும்பின்மேல் பவளம் படர்ந்து, மீன்கள் குடிபுகுந்து, கப்பல் இப்போது ஒரு பாராக, அதாவது கடலடிப் பாறைத் திட்டாக, மாறிவிட்டது.

மூழ்கிய கப்பலுக்குள் நுழைகிறவர்களுக்கு இரண்டு கட்டாய விதிகள் உண்டு. ஒன்று, தனியாகப் போகக்கூடாது. எப்போதும் இருவராகவே போக வேண்டும். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவர் தம்முடையதைப் பகிர்ந்துகொடுக்க வேண்டும். இரண்டு, நுழைவாயிலில் ஒரு கயிற்றின் நுனியைக் கட்டிவிட்டு, அதை அவிழ்த்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். உள்ளே சேறு கலங்கிவிட்டால், கையில் விளக்கு இருந்தாலும் தன் கையே தனக்குத் தெரியாது. அப்போது கயிற்றைத் தடவிக்கொண்டுதான் வெளியே வர முடியும்.

இது நம் மக்களுக்குப் புதிய செய்தி அன்று. மன்னார் வளைகுடாவில் நூற்றாண்டுக் கணக்கில் முத்துக்குளித்தவர்கள் நம் கத்தோலிக்கக் கடலோர மக்கள். குளிக்கிறவர் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்குவார். மேலே தோணியில் இருப்பவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். கீழேயிருந்து ஒரு சுண்டு வந்ததும் இழுத்துவிட வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வதுண்டு. தன் அக்காளோ தங்கையோ தாலி இழக்க அவர் விடமாட்டார் அல்லவா? கீழே இருப்பவரின் மூச்சு மேலே இருப்பவரின் விரலில் இருக்கிறது. அதனால்தான் அன்னியர் கையில் கொடுக்காமல் உறவின் கையில் கொடுத்தார்கள்.

அப்படியானால், உறவே இல்லாத ஊருக்கு வந்து சேர்கிறவருக்குக் கயிறு பிடிப்பவர் யார்?

அன்பார்ந்தவர்களே, இந்தக் கேள்வியோடு திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி இரண்டு அதிகாரங்களைத் திறந்து பார்ப்போம். பவுல் கைதியாக உரோமைக்குக் கொண்டுபோகப்படுகிறார். கப்பலில் அவரையும் சேர்த்து 276 பேர். வாடைக்காற்று கப்பலைப் பதினான்கு நாள் அலைக்கழிக்கிறது. கப்பல் பிளந்துவிடாதபடி அடிப்பக்கத்தைக் கயிறுகளால் சுற்றி இறுக்கிக் கட்டுகிறார்கள். சரக்குகளைக் கடலில் எறிகிறார்கள். நள்ளிரவில் ஆழம் பார்க்கிறார்கள்: முதலில் 20 பாகம், சற்றுத் தள்ளி 15 பாகம். கரை நெருங்குகிறது என்று தெரிகிறது. ஆனால் எந்தக் கரை, யாருடைய கரை, அது தெரியவில்லை. கடைசியில் கப்பல் மணல்திட்டில் மோதி, பின்புறம் உடைந்துபோகிறது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்துகிறார்கள். மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டு மிதக்கிறார்கள். கப்பல் போயிற்று, கோதுமை போயிற்று. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

அது மால்தாத் தீவு. மழை பெய்துகொண்டிருந்தது, குளிர் வேறு. தீவில் இருந்தவர்களுக்குக் கிரேக்கம் பேசத் தெரியாது. படித்தவர்கள் அவர்களை நாகரிகம் அறியாதவர்கள் என்றே சொல்லிவந்தார்கள். அந்த மக்கள் செய்த முதல் வேலை நெருப்பு மூட்டியது. நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், உங்களில் கைதிகள் எத்தனை பேர் என்று ஒருவரும் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. நனைந்தவர்களைப் பார்த்தார்கள், நெருப்பு மூட்டினார்கள்.

பவுல் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. சுள்ளி பொறுக்கி நெருப்பில் போட்டார். அப்போது ஒரு விரியன் பாம்பு அவர் கையைப் பற்றிக்கொண்டது. உடனே அதே மக்கள், இவன் ஒரு கொலைகாரனாகத்தான் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். நல்ல மனிதர்களுக்கும் அன்னியரைப் பற்றிச் சந்தேகம் எவ்வளவு விரைவில் வந்துவிடுகிறது, பாருங்கள்! ஆனால் சந்தேகம் வந்ததற்காக அவர்கள் நெருப்பை அணைத்துவிடவில்லை. தீவின் தலைவர் புப்பிலியு மூன்று நாள் விருந்தளித்தார். காய்ச்சலும் வயிற்றுக்கடுப்புமாய்ப் படுத்திருந்த அவருடைய தந்தையைப் பவுல் குணமாக்கினார். மூன்று மாதம் கழித்துப் புறப்பட்டபோது, வழிக்கு வேண்டியதையெல்லாம் அந்த மக்களே ஏற்றிக் கொடுத்தார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். ஆனால் அந்தத் தீவு அவர்களால் எதையும் இழக்கவில்லை. நலம் பெற்றது.

மால்தாவின் கடலடியில் முக்குளித்தவர்கள் உரோமைக் காலத்து ஈய நங்கூரங்களைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அந்தத் தீவின் அருங்காட்சியகங்களில் அவை இருக்கின்றன. கப்பல்களில் மிஞ்சியது நங்கூரம். அந்தக் கரையில் மிஞ்சியது ஒரு நெருப்பின் நினைவு. இரண்டாயிரம் ஆண்டுகளாக அதைத்தான் நாம் கோவிலில் வாசிக்கிறோம்.

அதே கடலில், மால்தாவுக்கு மேற்கே, லாம்பெதூசா என்று ஒரு சிறு தீவு உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து பழைய படகுகளில் வருகிற ஏழைகள் கரை தேடும் இடம் அது. பலர் கரை சேரவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் பொறுப்பேற்ற பின் உரோமைக்கு வெளியே சென்ற முதல் பயணம், 2013 ஜூலை 8 அன்று, அந்தத் தீவுக்குத்தான். இறந்தவர்களுக்காகக் கடலில் மலர்வளையம் இட்டார். அன்று அவர் திருப்பலியில் ஏந்திய திருக்கிண்ணம், கரை ஒதுங்கிய படகுகளின் மரத்தில் செய்யப்பட்டது.

நமக்கு இதைவிட நெருங்கிய ஒரு கரையும் உண்டு. வேளாங்கண்ணி. மக்காவோவிலிருந்து இலங்கை நோக்கிப் போன போர்த்துக்கீசிய மாலுமிகள் வங்கக் கடலில் புயலில் சிக்கி, அன்னையை வேண்டி, ஒரு செப்டம்பர் 8 அன்று அந்தக் கரையில் ஒதுங்கினார்கள் என்பது நம் மரபு. கரையில் இருந்தவர்கள் எளிய மீனவர்கள். மொழி தெரியாத அந்த மாலுமிகளை அவர்கள் அன்னையின் கூரைக் கோவிலுக்கு அழைத்துப்போனார்கள். அந்த மாலுமிகள்தான் அதைக் கட்டடமாக எழுப்பினார்கள். பின்னொரு பயணத்தில் அழகிய பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து பீடத்தில் பதித்தார்கள். காவி உடுத்தி ஆண்டுதோறும் நாம் நடந்துபோகிறோமே, அந்த வழியின் தொடக்கத்தில் ஒரு வரவேற்பு இருக்கிறது.

ஏரிக்கரை ஊராகிய நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஹெர்மீஸ் மூழ்கிய அதே 1942 ஏப்ரலில், சென்னையிலும் குண்டு விழும் என்ற அச்சத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக நகரத்தைவிட்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். கடலே இல்லாத ஊர்கள் அன்று கரையாயின. இன்றும் அப்படித்தான். 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகச் சிப்காட் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது. அதில் 18,720 பேர் தங்கலாம். ஊருக்குள் இன்னோர் ஊர்! இதைத் தவிர, ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேராகத் தங்கி, மாற்றி மாற்றி ஷிப்டுக்குப் போகும் வடமாநில இளைஞர்கள் நம் தெருக்கள் எங்கும் இருக்கிறார்கள். கம்பெனிப் பேருந்து அவர்களை இறக்கிவிட்டுப் போகும் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு துறைமுகம்தான்.

இப்போது எங்கள் கோவிலில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறோம்.

ஜார்க்கண்ட் மாநிலத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் சில மாதங்கள் ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால், காலணிகள் கிடக்கும் இடத்தருகே நின்றுகொள்வார். நாங்கள் அவரை வடக்கத்திப் பையன் என்று சொல்லிக்கொண்டோம். வேடிக்கை பார்க்க வருகிறார் என்று சிலர் நினைத்தோம். அமைதியின் வாழ்த்தைப் பகிரும்போது தெரிந்த முகங்களுக்கே கைகுவித்தோம். ஒரு ஞாயிறு அவர் நற்கருணை வரிசையில் வந்து நின்றார். எங்களில் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், அவர் தோளைத் தொட்டு, “நீங்கள் கத்தோலிக்கரா?” என்று தமிழில் கேட்டார். அவருக்குப் புரியவில்லை. தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி வரிசையைவிட்டு விலகிப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவர் வரவில்லை என்பதையே நாங்கள் கவனிக்கவில்லை.

பல மாதம் கழித்து அவருடைய சொந்த ஊர்ப் பங்குத்தந்தையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த இளைஞருக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. உங்கள் பங்கில் 11 மாதம் வாழ்ந்திருக்கிறார். ஆகவே திருமணத்துக்குத் தடையில்லை என்று ஒரு சான்று தேவை என்று எழுதியிருந்தார். அதில் இன்னும் இரண்டு செய்திகள் இருந்தன. அவர் தாத்தா காலத்திலிருந்து உபதேசியார் குடும்பம். வேலை செய்த இடத்தில் மஞ்சள் காமாலை கண்டு, அறையிலேயே பல நாள் கிடந்து, பாதி உடம்பாக ஊர் வந்து சேர்ந்தவர்.

பங்குப் பதிவேட்டைத் திறந்தோம். அவர் பெயர் இல்லை. அன்பியப் பொறுப்பாளர்களைக் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. பதில் எழுத உட்கார்ந்தபோது கைக்கு வந்த உண்மையான வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: இவரை எங்களுக்குத் தெரியாது.

இந்தச் சொல்லை இதற்கு முன் எங்கே கேட்டிருக்கிறோம்? தலைமைக் குருவின் முற்றத்தில், நெருப்பருகே நின்றுகொண்டு, பேதுரு சொன்ன சொல் அது. அவருக்கு நெருப்பு கதகதப்பாகத்தான் இருந்தது. மால்தாவிலும் நெருப்பு எரிந்தது. பேதுரு நின்ற முற்றத்திலும் நெருப்பு எரிந்தது. எங்கள் கோவிலில் மெழுகுதிரிகள் எந்த நெருப்பாய் எரிந்துகொண்டிருந்தன என்று அன்று புரிந்தது.

அந்தக் கடிதத்தை அப்படி எழுதவில்லை. அவர் தங்கியிருந்த அறையைத் தேடிக் கண்டுபிடித்தோம். அங்கே இருந்த நண்பர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்களில் இருவரும் கத்தோலிக்கர்கள்! கோவில் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், நண்பர் திரும்பி வந்த முகத்தைப் பார்த்துவிட்டு இவர்கள் வரத் தயங்கியிருக்கிறார்கள். சான்று போனது, திருமணமும் நடந்தது. அவர் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தது ஆண்டவரின் இரக்கம். எங்கள் கணக்கில் அதை எழுதிக்கொள்ள முடியாது.

அன்பார்ந்தவர்களே, பவுலின் கடற்பயணத்தை எழுதும்போது லூக்கா, தம்மையும் பயணிகளோடு சேர்த்துக்கொண்டே எழுதுகிறார். கிரேக்கத்தில் அதற்கு ஒரே சொல்தான். தமிழில் மட்டும் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன: நாங்கள், நாம். கேட்பவரை வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. உள்ளே சேர்த்தால் ‘நாம்’. நம் மொழிபெயர்ப்பில் ‘நாங்கள்’ என்றே இருக்கிறது. அது சரிதான், கரையில் இருந்தவர்கள் அவர்களுக்கு வேறு மக்கள். ஆனால் அந்த நெருப்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தபோது, பவுல் போட்ட சுள்ளியும் தீவினர் போட்ட கட்டையும் ஒன்றாக எரிந்தபோது, ‘நாங்கள்’ மெல்ல ‘நாம்’ ஆகியிருக்க வேண்டும். இந்தப் பேச்சைத் தொடங்கும்போது நாமும் ‘எங்கள் ஊர்’ என்றே தொடங்கினோம். முடிக்கும்போது ‘நம் ஊர்’ என்று சொல்ல விரும்புகிறோம்.

நம் கோவிலின் முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களிலும் பலர் தூத்துக்குடியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள்தாம். முதல் மாதம் அட்வான்ஸ் பணம் முழுதாக இல்லாமல் நின்றபோது, மீதியைப் பிறகு கொடு தம்பி என்று சாவி கொடுத்த ஒரு வீட்டுக்கார அம்மா நம்மில் ஒவ்வொருவருக்கும் நினைவிருப்பார். அன்று நாம் வீசிய கயிற்றை யாரோ பிடித்தார்கள்.

ஆகவே இந்த வாரம் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். அடுத்த ஞாயிறு கோவிலின் பின்புறம் நிற்கும் ஒருவரின் பெயரைக் கேட்போம். அவர் ஊரின் பெயரைக் கேட்போம். அவற்றைப் பங்குப் பதிவேட்டில் எழுதச் சொல்வோம். ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவிலுள்ள ஓர் அறையின் கதவைத் தட்டட்டும். காய்ச்சலில் கிடப்பவருக்கு ஒரு சொம்பு கஞ்சி கொண்டுபோக இந்தி தெரிந்திருக்க வேண்டியதில்லை. சந்தேகம் வரலாம். வந்தாலும் நெருப்பை அணைக்காதிருப்போம்.

செபிப்போம். அன்பு ஆண்டவரே, புயலில் சீடர்களின் படகில் இருந்தவரே, நனைந்து வருகிறவர்களில் நீரே வருகிறீர் என்று நாங்கள் அறியாதிருந்தோம். எம்மை மன்னியும். வீசப்படும் கயிற்றைக் காணக் கண்ணும், பிடிக்கக் கையும் எமக்குத் தாரும். எம் தெருவில் உம் பெயரால் ஒரு நெருப்பு எரியட்டும். ஆமென்.